கழிவுக் குறி

காட்டு நடைபாதைக்கான அந்த ஏழு இரும்புக் குறிகளையும் பற்றவைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உன் கையால் செய்ததை நீயே கெடுத்தாயா?" என்று யாராவது கேட்டால், ஆமாம், என் கையால் செய்தேன் என்பதால்தான் கெடுத்தேன் என்று பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

ஒரு வட்டம், அதற்குள் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகள். நாலடி அகலம், ஒன்றரை அங்குல இரும்புக் குழாய். ஏழையும் முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. எங்கள் பட்டறையில் வெல்டிங் என் வேலை. வண்டி ஓட்டுவதும், அளவெடுப்பதும், வாடிக்கையாளர்களிடம் "நாளைக்குக் கண்டிப்பா" என்று பொய் சொல்வதும் என் வீட்டுக்காரர் வேலை. இரண்டு பேரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர்கள்.

ஊருக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஒரு மரக் கம்பெனி பல வருஷம் மரம் வெட்டியது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மில் இருந்த இடத்தில் ஒரு கொட்டகையும், அதற்குள் நாற்பது பழைய கட்டைகளும் மிஞ்சின. இப்போது அந்தக் காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். வழியெல்லாம் சிற்பங்கள், மரம் வெட்டியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் பலகைகள், உட்கார்ந்து மூச்சு வாங்க பெஞ்சுகள். நாற்பது கட்டைகளில் ஏழைத் தேர்ந்தெடுத்து, பாதையோரம் தாங்கிகள் மேல் படுக்க வைத்து, ஒவ்வொன்றின் முகப்பிலும் என் இரும்புக் குறியை மாட்டியிருந்தார்கள்.

அதை வடிவமைத்த சிற்பி ஒரு பெண். முப்பது வயதிருக்கும். காற்சட்டையில் பத்துப் பைகள், பைக்கு ஒரு பென்சில். பட்டறைக்கு வந்து என் ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்து, "அக்கா, சுத்தமான வேலை" என்றாள். பார்க்கத் தெரிந்தவள் பார்த்துச் சொன்னதால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தக் குறி அந்தக் கட்டைங்களோட முனையில சின்னதா குத்தியிருக்குக்கா. இங்க மரம் வெட்டின உங்க ஊர் ஆளுங்களோட குறி. நான் பெருசு மட்டும்தான் பண்ணினேன்" என்றாள்.

"எங்கப்பா அந்தக் காட்டுல பதினேழு வருஷம் மரம் வெட்டினவர்" என்றேன். உடனே அவர் பெயரை எழுதிக்கொண்டாள். திறப்பு விழாவில் உயிரோடு இருக்கும் பழைய தொழிலாளர்கள் பதினோரு பேருக்குப் பதக்கம் போடப் போகிறார்களாம். அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்து அசத்தலாம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அழைப்பிதழ் வந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அட்டையின் நடுவில் தங்க நிறத்தில் அந்தக் குறி புடைத்துக்கொண்டு நின்றது. பெருவிரலால் அதை ஒரு தடவை தடவினார்.

"பாப்பா, இத யாரு போட்டது?"

எனக்கு வயது நாற்பத்து நாலு. இன்னும் நான் பாப்பாதான்.

"நான்தாம்ப்பா! ஏழும் நான் பத்தவச்சது. எப்படி இருக்கு?"

அட்டையைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி பட்டாணியை எடுத்தார். இரண்டு தோல் உரித்தார்.

"இது கழிவுக் குறி" என்றார்.

பிறகு, எழுபத்திரண்டு வயதில் முதல் தடவையாக, எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். மரத்தை வெட்டி, கட்டையாக்கி, சாலையோரம் உருட்டிக்கொண்டு வந்து போடுவார்கள். கம்பெனியின் அளவுக்காரன் வருவான். கையில் இரும்புச் சுத்தியல், அதன் தலையில் இந்தக் குறி. கட்டையைச் சுற்றி வந்து, உள்ளே பொந்து, உள்ளே உளுப்பு என்று அவனுக்குத் தோன்றினால் முனையில் ஓங்கி ஒரு குத்து. குறி விழுந்த கட்டை கழிவு. அதற்குக் கூலி கிடையாது.

"கழிவுன்னா அங்கயே போட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"எங்க போடுவான்? அதே லாரியில ஏத்திக்கிட்டு அதே மில்லுக்குப் போவான்."

நான் பற்றவைத்ததை நினைத்தேன். ஐந்து வாரம் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து, என் அப்பாவின் வேலையைக் குப்பை என்று ஏழு தடவை எழுதியிருக்கிறேன். போதாததற்கு, அந்தப் பதக்கத்திலும் இதே குறிதான். அதை அவர் கழுத்தில் மாட்டிக் கைதட்டப் போகிறார்கள்.

மறுநாள் காலை பட்டறையைப் பூட்டிவிட்டு அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நடைபாதை அலுவலகத்துக்குப் போனோம். "வம்பை விலைக்கு வாங்காத. ரெண்டு பாலத்துக்குக் கைப்பிடி வேலை இவங்ககிட்டதான் இருக்கு. ஒரு வருஷத்துக்கு நமக்கு அதுதான் சோறு" என்று வீட்டுக்காரர் வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அலுவலகத்தில் புதுப் பெயின்ட் வாடை. சுவர் முழுக்க வரைபடம். அட்டைப் பெட்டிகளில் அடுக்கடுக்காகப் பனியன்கள், எல்லாவற்றின் நெஞ்சிலும் கழிவுக் குறி. திட்ட அலுவலர் நல்ல மனிதர்தான். ஃபைல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் பட்டறையில் நாங்கள் அவரை ஃபைல்காரர் என்போம். அப்பா சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். சிற்பியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா, உங்க அனுபவத்த நாங்க ரொம்ப மதிக்கிறோம். ஆனா இதுக்கு ஏதாவது ஆவணம் இருக்கா? ஒரு கடுதாசி, ஒரு பதிவேடு, ஒரு ஃபோட்டோ?"

"நான் இருக்கேனே" என்றார் அப்பா.

ஃபைல்காரர் காதைச் சொறிந்தார். "வேணும்னா பலகையில ஒரு வரி சேர்த்துடறோம். 'சிலரது கருத்துப்படி, இது நிராகரிக்கப்பட்ட மரங்களுக்கான குறி'ன்னு."

"சிலர்னா யாரு?"

"நீங்கதான் ஐயா."

"நான் ஒரே ஆளுப்பா. என்னை எதுக்குச் சிலராக்கற?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்போது சிற்பி வாயைத் திறந்தாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, கணக்கு உதைக்கிறதே என்றுதான் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. கொட்டகையில நாப்பது கட்டையையும் நான் ஒண்ணொண்ணா பாத்தேன். முப்பத்தொண்ணுல இந்தக் குறி இருக்கு. கழிவுன்னா பத்துல ஒண்ணு ரெண்டு இருக்கலாம். முப்பத்தொண்ணும் எப்படிக் கழிவா இருக்கும்? அதனாலதான் இது மக்களோட குறின்னு முடிவு பண்ணினேன்."

"முப்பத்தொண்ணா?" என்றார் அப்பா.

"முப்பத்தொண்ணு."

அப்பா எழுந்துவிட்டார். வாதாட வந்தவர் வாசலுக்கு நடந்தார். பேசட்டும், மேஜையைத் தட்டட்டும் என்று காத்திருந்த எனக்குச் சப்பென்று போனது.

வண்டியில் பாதி வழி வந்த பிறகுதான் சொன்னார்.

"அஞ்சுல ஒண்ணுதான் கழிவு விழுதுன்னு கம்பெனி சொல்லும். மத்த செட்டுக்கெல்லாம் அப்படித்தான், உங்க செட்டுக்குத்தான் அதிகம்னு அளவுக்காரன் சொல்லுவான். எங்க செட்டுல எந்த மரத்த வெட்டறதுன்னு பாக்கறது நான். கோடாலிப் பின்பக்கத்தால தட்டுவேன், காது வச்சுக் கேப்பேன், இதுன்னு கை காட்டுவேன். எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நெனச்சேன் பாப்பா. என்னாலதான் அவங்க கூலி போச்சுன்னு நெனச்சேன். நாப்பதுல முப்பத்தொண்ணுன்னா எல்லா செட்டையும்தான் ஏமாத்தியிருக்கான்."

முப்பத்திரண்டு வருஷம் இந்த மனிதர் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு பட்டாணி உரித்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அவர்கள் மரம் அறுத்த ரம்பம் இரண்டு பேர் இழுப்பது. ஜோடி சேர்ந்தால் கடைசி வரை அதே ஜோடிதான். அப்பாவின் ஜோடிக்காரர் எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறார். அப்பா எதிரே வந்தால் அவர் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார். ஏதோ குடும்பச் சண்டை என்று நினைத்திருந்தேன்.

"அவரு அதனாலதான் பேசறதில்லையாப்பா?"

"அவன் பொண்ணுக்கு உடம்பு முடியாம இருந்த வருஷம். அந்த வருஷம் முழுக்கக் கழிவு" என்றார். வீட்டுக்காரர்கூட ஓதுவதை விட்டு ஒழுங்காக வண்டியை ஓட்டினார்.

அன்று மதியமே அப்பா பரணில் இருந்து தன் பழைய ரம்பத்தை இறக்கச் சொன்னார். ஆள் உயரம், இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி. பின்வாசல் படியில் உட்கார்ந்து, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டினார். ஒன்பது நாள். விழாவுக்குப் பழைய தொழிலாளர்கள் தங்கள் கருவிகளைக் காட்சிக்குக் கொண்டுவரலாம் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் சந்தேகம். காட்சிக்கு வைக்கிற ரம்பத்துக்கு எதற்கு இவ்வளவு கூர்?

"அப்பா, நிஜத்த சொல்லுங்க."

"கழிவுன்னு குத்தினானே, அது உண்மையான்னு யாராவது அறுத்துப் பாத்தாங்களா? மில்லுக்குள்ள நாங்க போனதே இல்ல. இப்ப ஏழு கட்டையக் கண்ணு முன்னால வச்சிருக்காங்க. குறியோட."

"உள்ள நிஜமாவே உளுத்துப் போயிருந்தா?"

"அப்ப அந்தப் பதக்கத்த வாங்கிக் கழுத்துல மாட்டிக்கறேன்."

சொல்லிவிட்டு அரத்தை எடுத்து அடுத்த பல்லில் வைத்தார். எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் தன் மானத்தை எடுத்து ஒரு கட்டைக்குள் வைத்துவிட்டு, வெட்டிப் பார்த்துவிடலாம் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பாலத்துக் கைப்பிடி வேலை போனால் போகட்டும். அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் அவரே ரம்பத்தைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றினார்.

விழாவன்று நல்ல வெயில். பாதையின் தொடக்கத்தில், முதல் கட்டைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பழைய தொழிலாளர்கள். ஒரு ஓரத்தில் ஜோடிக்காரர், கையைக் கட்டிக்கொண்டு, அப்பா வருவதைப் பார்த்ததும் மரக்கிளையைப் பார்க்க ஆரம்பித்தார். நீலத் துணி விரித்த மேஜையில் பதக்கங்கள். ஃபைல்காரர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

"கருவியெல்லாம் அந்த மேஜையில வைங்க ஐயா" என்றான் காவலாளி.

"வைக்கறேன். வேலை முடிஞ்சதும்" என்றார் அப்பா.

நேராகக் கட்டையிடம் போனோம். இரண்டடி குறுக்களவுள்ள கட்டை, அதன் முகப்பில் என் நாலடி வட்டம். அதைப் பிடித்திருக்கும் ஆணிகள் எவ்வளவு தூரம் உள்ளே போகின்றன என்று எனக்குத் தெரியும், வெட்டிக் கொடுத்தவளே நான்தானே. முனையில் இருந்து ஓர் அடி தள்ளிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். அப்பா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

நாங்கள் ரம்பத்தை வைத்ததும் மைக்கில் குரல் உற்சாகமானது. "இதோ, நம்ம மூத்த தொழிலாளி ஒருத்தர், அந்தக் காலத்துல எப்படி மரம் அறுத்தாங்கன்னு செஞ்சு காட்டப் போறார்!" எல்லோரும் கைதட்டினார்கள். முறையாக அறிவித்து, கைதட்டி ஒரு காரியத்தைத் தொடங்கி வைத்தால் நாம் என்ன செய்ய முடியும்? இழுத்தோம்.

முதல் இழுப்பிலேயே நான் சொதப்பினேன். தகடு வளைந்து முனகியது.

"தள்ளாத. உன் பக்கம் வரும்போது இழு, என் பக்கம் வரும்போது சும்மா விடு."

விட்டேன். ரம்பம் ஓட ஆரம்பித்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்க்கவில்லை, கீழே விழும் தூளைத்தான் பார்த்தார். தூள் கருப்பாக வந்தது. ஈரமாக, நொறுங்கி, சலித்த மண் மாதிரி. உளுத்த மரத்தின் தூள் எப்படி இருக்கும் என்று இந்த ஒன்பது நாளில் எனக்குச் சொல்லியிருந்தார். இப்படித்தான் இருக்கும். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. ஆனால் இழுப்பதை நிறுத்தவில்லை.

இதற்குள் சிற்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, நிறுத்துங்க! அது என் வேலை! ஏழு மாசம்!"

"என்னோடது பதினேழு வருஷம்மா" என்றார் அப்பா, இழுத்தபடியே.

ஃபைல்காரர் மைக்கை அணைத்தார். இரண்டு காவலாளிகள் வந்தார்கள். "என்னக்கா இது?" என்றான் ஒருவன். "பாத்துக்கிட்டே நில்லு. தொட்டேன்னு வை, ரம்பம் திரும்பும்" என்றேன். அவன் நின்றான். என் குரல் அப்படி.

மூன்று அங்குலம் இறங்கியதும் சத்தம் மாறியது. அதுவரை தொளதொளவென்று இருந்தது, கறாராகியது. அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். கீழே பார்த்தேன். கருப்புத் தூள் நின்றுபோயிருந்தது. சிவந்த, நீள நீளமான இழைகள் சுருண்டு விழுந்தன. மேலே இருந்தது வெறும் தோல். ஒழுகுகிற கொட்டகையும் முப்பது வருஷமும் தின்ற மிச்சம்.

எனக்குத் தோள் விட்டுப்போனது. வெல்டிங் பிடிக்கிற கை இதற்குப் பழக்கமில்லை. பாதி கட்டையில் மூச்சு வாங்கி நின்றேன். அப்பா தனியாக இழுக்கப் பார்த்தார், தகடு அசையவில்லை. ஃபைல்காரர், "போதும் ஐயா, போதும், பேசிக்கலாம்" என்று கைகளை விரித்துக்கொண்டு கிட்டே வந்தார்.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்து என்னை நகர்த்தியது. ஜோடிக்காரர். குனிந்து, தரையில் இருந்து ஒரு சிவப்பு இழையை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். இழுத்தார். அறுந்துபோகவில்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவும் அவரைப் பார்க்கவில்லை. ரம்பம் மட்டும், நேற்று மாலை வைத்துவிட்டுப் போனதை இன்று காலை எடுத்தது போல் ஓடியது.

அதற்குப் பிறகு யாரும் குறுக்கே வரவில்லை. நாற்காலிகள் காலியாகி, எல்லோரும் சுற்றி நின்றார்கள். மற்ற ஒன்பது கிழவர்களும் கழுத்தை நீட்டி அந்தத் தூளையே பார்த்தார்கள்.

கடைசி விரல் அகலம் தானாக முறிந்தது. ஓரடிக் கட்டையும் என் இரும்பு வட்டமும் ஒன்றாக விழுந்து சரளைக் கல்லில் உருண்டன. அந்தச் சத்தத்துக்குப் பிறகு பார்த்தால், எதிரே கட்டையின் புது முகப்பு. ஓரத்தில் ஒரு கருப்பு வளையம், மீதி எல்லாம் சிவப்பு. பொந்து இல்லை, உளுப்பு இல்லை, ஊசி நுழைகிற ஓட்டைகூட இல்லை. மர வாசனை எல்லார் மூக்கிலும் ஏறியது.

அப்பா உள்ளங்கையை அதன் நடுவில் வைத்தார். அழுதார். மறைக்கவே இல்லை. நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

சிற்பி மண்டியிட்டு அந்த முகப்பை நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு விழுந்த துண்டைத் திருப்பி, இரும்புக்குக் கீழே இருந்த பழைய குத்தைப் பார்த்தாள். சிவந்த கண்ணோடு ஃபைல்காரரிடம் திரும்பினாள்.

"சார், இது வைரம் பாஞ்ச மரம். இதைக் கழிவுன்னு குத்தியிருக்கான். நான் அதப் பெருசு பண்ணி வச்சிருக்கேன்."

ஃபைல்காரர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அதெல்லாம் சரி. ஒரே ஒரு கட்டைய வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அதோட இது பொதுச் சொத்து. நான் புகார் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க சார். முதல் ஆளா என்னை எழுதுங்க. பாலத்துக் கைப்பிடிய வேற யாருக்காவது குடுங்க. ஆனா அந்தப் பதக்கத்துல ஒண்ணுகூட இன்னைக்கு யார் கழுத்துலயும் ஏறாது" என்றேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜோடிக்காரர் முந்திக்கொண்டார்.

"அவரு சொல்றது நியாயம்தான். ஒண்ணு பத்தாது" என்றார். பாதை காட்டுக்குள் வளைகிற இடத்தைப் பார்த்தார். "இன்னும் ஆறு இருக்கு."

பிறகு அப்பாவிடம் திரும்பினார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தூக்குடா" என்றார்.

அப்பா தன் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கினார்.